பால்வழி

வம்சம் தேடித் தரச்சொல்லி சுகிர்தாவிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ராஜாதான் வேண்டும். ராஜா இல்லையென்றால் ஒரு பாளையக்காரர். அதுவும் கிடைக்காவிட்டால் கோயிலுக்கு நிலம் எழுதிவைத்த பெரியமனிதர் ஒருவராவது அகப்பட மாட்டாரா என்று பார்ப்பார்கள்.

அவளிடம் 'வேர்' என்ற மென்பொருள் இருந்தது. கப்பல் பயணிகள் பட்டியல், ஞானஸ்நானப் பதிவு, ஆலைச் சம்பளப் பட்டியல், வாக்காளர் பட்டியல், பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டு என்று இருநூறு வருஷக் காகிதங்களையெல்லாம் படம்பிடித்துப் போட்டிருந்தார்கள். ஒரே ஆளின் பெயரை நாலு குமாஸ்தாக்கள் நாலு விதமாக எழுதியிருந்தாலும் இது இன்னார்தான் என்று வேர் கண்டுபிடித்துக் கோத்துவிடும். கடைசியில் கிடைப்பது பெரும்பாலும் ஓர் உழவன், ஒரு சமையல்காரி, ரயில்வேயில் கரி அள்ளிய ஒருவன்.

"அவ்வளவுதானா? எல்லாம் சாதாரண ஆளுங்களா?" என்று முகம் சுருங்கக் கேட்பார்கள்.

"அவங்க பிழைச்சுக் கிடந்ததாலதான் சார் நீங்க இங்க உக்காந்திருக்கீங்க" என்பாள் சுகிர்தா. யாரும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டதில்லை.

ஆகவே, திருச்சியில் பாதி ஊருக்கு வேலை கொடுக்கும் கனகசபைக் குழுமத்தின் தலைவி மங்கையர்க்கரசி கூப்பிட்டனுப்பியபோது, இன்னொரு ராஜாதான் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

கூடத்தில் ஆளுயர ஓவியம் ஒன்று மாட்டியிருந்தது. மழைபெய்யும் மலைப்பாதை. கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் நடந்துவருகிறாள். எண்பது வயதைத் தாண்டிய மங்கையர்க்கரசி அதற்குக் கீழே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அது எங்க பாட்டி. கையில இருக்கிறது எங்கம்மா ரெங்கநாயகி" என்றார். "ரங்கூன்ல குண்டு போட்டப்ப அம்மா பிறந்து ஒரு மாசம். பாட்டி அந்தக் காட்டையும் மலையையும் நடந்தே தாண்டி, மார்ல பால் குடுத்துக் காப்பாத்திக் கொண்டுவந்தாங்க. ஊர் வந்து சேர்ந்த மாசமே காய்ச்சல்ல போயிட்டாங்க. இந்தக் குடும்பம் அந்த நடையில இருந்துதான் ஆரம்பிக்குது. உங்களால அதை நிரூபிக்க முடியுமா?"

"எதுக்கும்மா நிரூபிக்கணும்?"

பதில் சொன்னது அவருடைய மகன் கதிரவன். "வத்தல் நோய்க்காக" என்றார்.

சுகிர்தாவுக்குப் புரிந்தது. மூன்று வருஷமாக அந்தப் பெயரைக் கேட்டாலே கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களுக்குக் குலை நடுங்கியது. நோய்க்கு டாக்டர்கள் வைத்த பெயர் வேறு. ஜனங்களுக்கு அது வத்தல். பால்குடி மாறாத பிள்ளைக்கு வயிறு போகத் தொடங்கும். எந்த மருந்துக்கும் நிற்காது. கொழுகொழுவென்று இருந்த குழந்தை வெயிலில் போட்ட வத்தல்போலச் சுருங்கிவிடும்.

"சில வீட்டுக் குழந்தைகளை மட்டும் அது தொடுறதில்ல" என்றார் கதிரவன். "அந்தக் குழந்தைங்க குடல்ல ஒரு நுண்ணுயிர் இருக்கு. அது இருக்கிற வயித்துல வத்தல் கிருமி ஒட்டாது. எங்க அக்கா மக ஆதிரை, அவ பிள்ளை, ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு. உலகத்துலயே இதுவரைக்கும் நாலே குடும்பத்துலதான் கண்டுபிடிச்சிருக்காங்க. மத்த மூணு குடும்பமும் எங்களுக்குத் தூரத்துச் சொந்தமா இருக்கணும். அதோட மூலம் அம்மாவோட பாட்டிகிட்ட போய் நிக்குதுன்னு நீங்க காட்டினா, வழிவழிச் சட்டப்படி அது எங்க குடும்பச் சொத்து."

அந்தச் சட்டம் சுகிர்தாவுக்குத் தெரியும். ஏழைகளின் உடம்பிலிருந்து மருந்து திருடிய வெளிநாட்டுக் கம்பெனிகளைத் தடுக்கக் கொண்டுவந்தது. ஒரு நுண்ணுயிர் ஒரே குடும்பத்தின் வழியாக வந்தது என்று நிரூபித்தால் உரிமை அந்தக் குடும்பத்துக்கு. நிரூபிக்க முடியாவிட்டால் அது எல்லோருக்கும் பொது. யாரும் காய்ச்சிக் கொடுக்கலாம், யாரும் வாங்கலாம்.

"எனக்கு உரிமையெல்லாம் ரெண்டாவது" என்றார் மங்கையர்க்கரசி. "அதுக்கு எங்கம்மா பேரை வைக்கணும். ரெங்கநாயகின்னு."

*

நுண்ணுயிரை ஆராய்ந்துகொண்டிருந்தவர் டாக்டர் இளங்கீரன். சுகிர்தா நாலு குடும்பங்களின் கிளைகளையும் வேரில் ஏற்றிக்கொண்டு அவருடைய ஆய்வகத்துக்குப் போனாள். திருச்சியில் கனகசபைக் குடும்பம். தொண்டியில் ஒரு முஸ்லிம் குடும்பம். பாளையங்கோட்டையில் ஒரு கிறித்தவ ஆசிரியையின் குடும்பம். சிதம்பரத்துப் பக்கம் வயல்வேலை செய்த ஒரு குடும்பம்.

"ரத்தத்துல ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்ல டாக்டர்" என்றாள். "ஏழு தலைமுறை மேல போயிட்டேன். ஒரு கல்யாணம் இல்ல, ஒரு தத்து இல்ல."

இளங்கீரன் சிரித்தார். "மனுஷங்களுக்கு மட்டுமா வம்சம்? கிருமிக்கும் வம்சம் இருக்கு. தாய்கிட்ட இருந்து பிள்ளைக்குப் போகும்போது கொஞ்சம் கொஞ்சமா மாறும். அந்த மாற்றத்தை எண்ணிப் பார்த்தா எந்தக் கிளை எப்போ பிரிஞ்சதுன்னு சொல்லிடலாம். இதப் பாருங்க."

திரையில் ஒரு மரம் விரிந்தது. நாலு கிளைகள். நாலும் ஒரே கணுவில், உள்ளங்கையிலிருந்து விரல்கள் பிரிவதுபோலப் பிரிந்தன.

"நூத்திப்பத்து வருஷத்துக்கு முன்னாடி. நாலும் ஒரே சமயத்துல. ஒரு தாய்க்கு ஒரே வருஷத்துல நாலு பொண்ணு. அதுவும் நாலு ஜாதியில, மூணு மதத்துல. எப்படி?"

"நாலும் பொண்ணுதானா?"

"பொண்ணு வழியாத்தான் இது நடக்கும். ஆம்பளைகிட்டயும் இருக்கும், ஆனா அவனோட நின்னுபோயிரும். அவன் பிள்ளைக்குக் குடுக்க முடியாது."

சுகிர்தா அந்த வருஷத்தை வேரில் தட்டினாள். நாலு குடும்பத்திலும் அப்போது ஒரு பெண்குழந்தை பிறந்திருந்தது. நாலும் பர்மாவில்.

*

தொண்டியில் சுலைகா பீவி வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். அறுபது வயதைத் தாண்டிய, பேச்சில் சிரிப்புக் கலந்த பெண்மணி. தேநீரையும் தொதல் இனிப்பையும் வைத்துவிட்டு எதிரே அமர்ந்தார்.

"எங்க உம்மும்மா, உம்மாவைப் பெத்தவங்க, ரங்கூன்ல பொறந்தவங்கதான்" என்றார். "நாப்பது நாள் பிள்ளை. பெத்தவங்க அந்த நடையில மவுத்தாயிட்டாங்க. பால் குடுத்து வளர்த்தது வேற ஒருத்தவங்க."

சுகிர்தாவின் கையிலிருந்த கோப்பை பாதியில் நின்றது. "வேற ஒருத்தவங்களா?"

"ஆமாம்மா. எங்கள்ல பெத்தவளுக்கு என்ன மரியாதையோ, பால் குடுத்தவளுக்கும் அதே மரியாதை. அவ பிள்ளையும் இதுவும் கூடப் பொறந்த மாதிரி. கல்யாணம் கட்டக்கூடாது. அதனால யாருகிட்ட பால் குடிச்சோம்கிறத ஏழு தலைமுறைக்கும் மறக்கப்படாதுன்னு சொல்லியே வளர்ப்பாங்க."

"அவங்க பேரு தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? மூக்காயி உம்மா." சுலைகா பீவி அந்தப் பெயரைச் சொந்த அத்தை பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். "கூலிக்காரக் குடும்பம். அவங்க பிள்ளை வழியில செத்துப்போச்சு. மார்ல பால் கட்டிக்கிச்சு. அப்பத்தான் எங்க உம்மும்மா அழுற சத்தம் கேட்டு வாங்கி அணைச்சாங்களாம். ஒண்ணுக்குக் குடுத்தது தெரிஞ்சதும் தாயில்லாப் பிள்ளைங்களையெல்லாம் தூக்கிட்டு வந்துட்டாங்க. அஞ்சு பிள்ளையாம். யார் வீட்டுப் பிள்ளைன்னு அவங்களும் கேக்கல, எந்தக் கூட்டத்துப் பொம்பளைன்னு இவங்களும் கேக்கல. அந்தக் காட்டுல அதெல்லாம் யாரு கேப்பா? இன்னிக்கும் நோன்பு துறக்கும்போது எங்க துஆவுல அந்தம்மா பேரு வரும்."

திரும்பும் வழியெல்லாம் சுகிர்தாவுக்கு மனம் பொங்கிக்கொண்டே இருந்தது. பதினைந்து வருஷத் தொழிலில் எத்தனையோ செப்பேடுகளைப் பார்த்திருக்கிறாள். ஒரு கூலிக்காரியின் பெயரை நூறு வருஷத்துக்கு மேலாக, நோன்பு நாளெல்லாம் பசியோடு உட்கார்ந்து சொல்லிக் காப்பாற்றிய ஒரு வீட்டை இப்போதுதான் பார்த்தாள்.

*

பெயர் கிடைத்துவிட்டதால் வேருக்குப் பிடி கிடைத்தது. அடுத்த சில வாரங்கள் சுகிர்தா வேறு வேலையே பார்க்கவில்லை.

முதலில் அகப்பட்டது அசாம் எல்லையில் இருந்த ஓர் அகதி முகாமின் டாக்டர் மேலிடத்துக்கு அனுப்பிய குறிப்பு. தாயில்லாத கைக்குழந்தைகள் ஐந்து, நான்கு பெண், ஒன்று ஆண். டின்பால் அனுப்ப வேண்டாம். தன் குழந்தையை இழந்த கூலிப் பெண் ஒருத்தி ஐந்துக்கும் பாலூட்டுகிறாள்; குழந்தைகள் நலம். அவளுக்கு மட்டும் அரிசி கூடுதலாகக் கொடுக்க உத்தரவு வேண்டும். கீழே, 'முக்கை' என்று அவள் பெயர்.

அதன்பிறகு அவள் பட்டியலுக்குப் பட்டியல் வேறு வேறு எழுத்தில் வந்தாள். ரயில் இலவசப் பயணச் சீட்டில் 'மூகாய்', புருஷன் விருமாண்டியோடு மதுரைக்கு. குழந்தைகளை அவரவர் தகப்பன்மாரும் சொந்தக்காரர்களும் முகாமிலேயே வந்து வாங்கிப் போயிருந்தார்கள். வெறும் மடியோடு அவள் ரயில் ஏறியிருக்க வேண்டும்.

மதுரையில் ஒரு நூற்பாலையில் வேலை. ஐந்து வருஷம் கழித்து அரசு ஆஸ்பத்திரியில் ஓர் ஆண்குழந்தை. அடுத்த பிரசவம் எதற்கும் பதிவு இல்லை. ஆலையில் பெண்களுக்குப் பிள்ளைக்குப் பால்கொடுக்க இடைவேளை வேண்டும் என்று நடந்த வேலைநிறுத்தத்தில் கைதானவர்களின் வரிசையில் அவள் பெயர் மூன்றாவதாக இருந்தது. அதைப் பார்த்தபோது சுகிர்தா தனியாக இருந்த அறையில் கைதட்டிவிட்டாள்.

ஆலைக் காகிதங்களில் அவள் பெயருக்கு எதிரே பல வருஷங்கள் பெருவிரல் ரேகைதான் இருந்தது. பிறகு ஒரு வருஷம் திடீரென்று கையெழுத்து. கோணல்மாணலாக, ஆனால் துணைக்கால் விடாமல், 'மூக்காயி'. ரேகைக்கும் கையெழுத்துக்கும் நடுவில் யார் அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள், எந்த விளக்கடியில் உட்கார்ந்து பழகினாள் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. எந்தக் குமாஸ்தாவும் சரியாக எழுதாத பெயரை முதன்முதலாக அவள்தான் சரியாக எழுதியிருந்தாள்.

எழுபத்தெட்டு வயதில் மதுரை ஒத்தக்கடையில் இறந்துபோனாள். காரணம், முதுமை.

மகனுக்கு ஒரு மகன், தவசி. அவருக்கு ஒரு மகள், பாண்டீஸ்வரி. ஒத்தக்கடையிலேயே இருந்தார்கள். சுகிர்தா அந்தப் பெயரைத் தொட்டதும் வேர் இன்னொரு காகிதத்தையும் காட்டியது. போன வருஷத்து மரணப் பதிவு. பாண்டீஸ்வரியின் ஆண்குழந்தை, ஐந்து மாதம். நோய், வத்தல்.

மறுநாள் காலையிலேயே சுகிர்தா மதுரைக்குக் கிளம்பினாள்.

*

பாண்டீஸ்வரி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஓங்குதாங்கான உடம்பு, வெடுக்கென்ற பேச்சு. போன மாதம் பிறந்த பெண்குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவள் அப்பா தவசி விசிறியோடு உட்கார்ந்திருந்தார்.

சுகிர்தா எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது பெரியவர் முதலில் பேசினார்.

"அப்பத்தாவை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா. அதுக்கு முன்னாடி பொறந்த மூணும் தங்கலையாம். இதாவது தங்கட்டும்னு மூக்கைக் குத்தி மூக்காயின்னு பேரு வச்சிருக்காங்க. பர்மாவைப் பத்திக் கேட்டா, 'நடந்தோம், வந்தோம்'னு மட்டும் சொல்லும். அஞ்சு பிள்ளைக்குப் பால் குடுத்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லையே!" அவர் கண் கலங்கினாலும் முகம் விரிந்திருந்தது.

பாண்டீஸ்வரி சிரிக்கவில்லை. "அந்தக் கிருமி எங்ககிட்ட இருக்காக்கா?"

சுகிர்தா இந்தக் கேள்விக்குத்தான் பயந்திருந்தாள். "இல்லம்மா. உங்க தாத்தா ஆம்பளை. அவரோட நின்னுபோச்சு."

"ஊரான் வீட்டுப் பிள்ளைக்கெல்லாம் குடுத்துட்டு வந்தவ..." அவள் தொட்டில் பக்கம் திரும்பினாள். "அவ வம்சத்துல வந்த எம்பையன் என் கையிலயே வத்திப்போய்ச் செத்தான்க்கா. கடைசியில அழக்கூட அவன்கிட்டத் தண்ணி இல்ல."

தொட்டிலில் குழந்தை நெளிந்தது. அவள் எழுந்து ஆட்டிவிட்டு வந்தாள்.

"இதுக்குக் குடுக்க ஏதாச்சும் மருந்து வந்திருக்கா?"

"சொட்டு மருந்து தயாராகுது. ஆனா ஆய்வகத்துல வளர்த்தது இன்னும் பிள்ளைங்க வயித்துல நிக்க மாட்டேங்குதாம். சோதனை முடிய ஒரு வருஷமாவது ஆகும்னு டாக்டர் சொல்றார்." சுகிர்தா தயங்கினாள். "இன்னொரு விஷயம். இந்தக் கிருமி தொடங்கினது மூக்காயிகிட்ட, சட்டப்படி அவங்க ரத்த வாரிசு நீங்கதான். நீங்க கேட்டா அந்த உரிமை உங்களுக்கு வரும். பெரிய பெரிய கம்பெனியெல்லாம் உங்க வாசல்ல வந்து நிக்கும்."

பாண்டீஸ்வரி அப்பாவைப் பார்த்தாள். அவர் விசிறியைக் கீழே வைத்தார்.

"பாலுக்கா பட்டா போடச் சொல்றீங்க?" என்றாள் பாண்டீஸ்வரி. "அந்தக் காட்டுல அழுத பிள்ளைக்கு அவ கணக்குப் பார்க்காமக் குடுத்தா. அதுக்கு நான் வாடகை வாங்கவா? எங்களுக்கு எந்த உரிமையும் இல்லைன்னே எழுதிக்கோங்க. பேரை மட்டும் தப்பில்லாம எழுதுங்க."

*

மங்கையர்க்கரசியிடம் அறிக்கையைக் கொடுத்துவிட்டு சுகிர்தா நின்றுகொண்டே இருந்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். கதிரவன் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

"இது வெளியில போகக்கூடாது" என்றார். "ஒப்பந்தப்படி அறிக்கை எங்களுக்குச் சொந்தம். அம்மா, யோசிச்சுப் பாருங்க. ரெங்கநாயகிப் பாட்டி யாரோ ஒரு கூலிக்காரிகிட்ட பால் குடிச்சு வளர்ந்தாங்கன்னு ஊர் பூராவும் சொல்லணுமா? இத்தனை வருஷமா இந்தப் படத்துக்கு மாலை போட்டிருக்கோம்."

மங்கையர்க்கரசி அவரைக் கவனித்ததாகவே தெரியவில்லை. "எங்க பாட்டி எங்க இறந்தாங்க?"

"நடையில பாதி வழியிலேயே அம்மா. முகாம் வரைக்கும் வரல. முகாம் டாக்டர் உங்கம்மாவையும் தாயில்லாக் குழந்தைன்னுதான் எழுதியிருக்கார்."

"ஊருக்கு வந்து காய்ச்சல்ல போனாங்கன்னு தாத்தா சொல்லுவார். பொண்டாட்டியைக் காட்டுல விட்டுட்டு வந்தேன்னு சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வரல போல." அவர் ஓவியத்தை நிமிர்ந்து பார்த்தார். "பாட்டிக்குப் போட்டோவே கிடையாது. ஓவியர் தன் மனசுல தோணின முகத்தைத்தான் வரைஞ்சார்னு அம்மா சொல்லியிருக்காங்க." அறிக்கையை மறுபடி புரட்டினார். "எங்கம்மா எத்தனை நாள் அவங்க மடியில இருந்தாங்க?"

"முகாம்ல ரெண்டு மாசத்துக்குக் குறையாது. வழியில எத்தனை நாள்னு தெரியல."

"ரெண்டு மாசம்! அஞ்சு பிள்ளைங்க. அரை வயித்துச் சோறு. அதுல நானும், எம்மகளும், பேத்தியும், அவ பிள்ளையும் வந்திருக்கோம்." அவர் மகனிடம் திரும்பினார். "கதிர், எங்கம்மா எப்படிப் பிழைச்சாங்கன்னு எண்பது வருஷமா நான் பெருமையடிச்சிட்டு இருந்தேன். உண்மை நான் நினைச்சதை விடப் பெரிசா இருக்கு. இதை மறைச்சா நான் அடிச்ச பெருமையெல்லாம் பொய்யாயிடும்."

"அம்மா, கோடிக்கணக்குல..."

"குழுமம் இன்னும் என் பேர்லதான் இருக்கு." குரல் உயரவில்லை. "அறிக்கையை அப்படியே அனுப்புங்க சுகிர்தா. குடும்பச் சொத்து இல்ல, பொதுன்னு நாங்களும் எழுதித் தர்றோம்."

சுகிர்தா கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். அவர் மறுபடி கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு, பாண்டீஸ்வரி. அவ குழந்தைக்கு என்ன வயசுன்னு சொன்னீங்க?"

*

மறுவாரம் ஒத்தக்கடைத் தெருவில் கார் வந்து நின்றது. மங்கையர்க்கரசி இறங்கினார். பின்னாலேயே அவருடைய பேத்தி ஆதிரை தன் குழந்தையோடு இறங்கினாள். டாக்டர் இளங்கீரன் ஏற்கெனவே வந்திருந்தார். ஆதிரையின் ரத்தத்தையும் பாலையும் பரிசோதித்து, "சொட்டு மருந்து எப்ப வருமோ தெரியாது. பாலோட போனா நிச்சயமா பிடிக்கும். கொஞ்ச நாள் கொடுத்தாப் போதும்" என்று சொன்னவர் அவர்தான்.

பாண்டீஸ்வரிக்கு இதெல்லாம் போனில் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்கினதைத் திருப்பிக் குடுக்க வந்திருக்கீங்களாக்கும்?" என்றாள். "எங்க பூட்டி அதை எதிர்பார்த்துக் குடுக்கல."

தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். மங்கையர்க்கரசியிடம் இப்படி யாரும் நின்று பேசி சுகிர்தா பார்த்ததில்லை.

"திருப்பிக் குடுக்கிறதா?" என்றார் மங்கையர்க்கரசி. "குடிச்ச பாலை யாராலம்மா திருப்பிக் குடுக்க முடியும்? இது எங்களுது இல்ல. உங்க வீட்டுது. இத்தனை காலம் எங்க பொண்ணுங்ககிட்ட இருந்துச்சு. உங்க பிள்ளைக்கு உங்க வீட்டுது வந்திருக்கு. உள்ள விடலாமா வேண்டாமான்னு நீதான் சொல்லணும்."

பாண்டீஸ்வரி அவரையே பார்த்தாள். பிறகு பின்னால் வெயிலில் நின்ற ஆதிரையைப் பார்த்தாள். ஆதிரை பயந்துபோய், தன் குழந்தையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

"பிள்ளையை வெயில்ல வச்சிட்டு நிக்குது பாரு" என்றாள் பாண்டீஸ்வரி. "உள்ள வாம்மா."

உள்ளே பாயை விரித்து, முதுகுக்குத் தலையணை வைத்து, அவளே குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து ஆதிரையின் மடியில் கிடத்தினாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. வாசனை புதிது. "முதல்ல அப்படித்தான் இருக்கும், கன்னத்தைத் தொட்டுவிடு" என்று பாண்டீஸ்வரி குனிந்து, தன் விரலாலேயே குழந்தையின் கன்னத்தைத் தடவித் திருப்பினாள். கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு அது வாயை வைத்தது.

ஆதிரையின் குழந்தை தனியே கிடந்து வீறிட்டது. பாண்டீஸ்வரி அதை அள்ளி எடுத்துத் தோளில் போட்டாள். இரண்டு தட்டுத் தட்டினாள். அது நிற்கவில்லை. பசி. அவள் ஒரு நொடி தயங்கி ஆதிரையைப் பார்த்தாள். ஆதிரை தலையசைத்தாள். பாண்டீஸ்வரி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, அதற்கு மார்பு கொடுத்தாள்.

வீடு அமைதியானது. தவசி வாசலுக்குப் போய், கூடியிருந்த தெருக்காரர்களிடம், "எங்க அப்பத்தா அந்தக் காலத்துலயே..." என்று நிமிர்ந்த குரலில் தொடங்குவது கேட்டது. மங்கையர்க்கரசி நாற்காலியை வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் ஆதிரை அங்கேயே ஒரு வீடு எடுத்துத் தங்கினாள். நாலாவது வாரம் இளங்கீரன் குழந்தையின் குடலைச் சோதித்துவிட்டு, "பிடிச்சிருச்சு. நல்லாவே பிடிச்சிருச்சு" என்றார்.

*

இரண்டு வருஷம் கழித்து ஒரு வேலையாக மதுரைக்கு வந்த சுகிர்தா, மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினாள். ஓட்டுநர் இருக்கையில் பாண்டீஸ்வரி. பார்த்ததும் புருவத்தை உயர்த்திச் சிரித்து, பின்னால் இருந்த இருக்கையைத் தலையாலேயே காட்டினாள்.

யானைமலை நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி ஓடிவந்து ஏறினாள். பக்கத்து இருக்கைக்காரி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"எங்க போயிட்டு வர்றே?"

"ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக்கா. பிள்ளைக்கு மூக்காயி போட்டுட்டு வர்றேன். காசு வாங்கல, எல்லாருக்கும் இலவசம்தான்."

"நம்மூர்லயும் போட்டாச்சு. இனி வத்தல் பயமில்ல. அதுசரி, மருந்துக்கு ஏன் அப்படிப் பேரு வச்சிருக்காங்க? யாரு அது, மூக்காயி? பெரிய டாக்டரம்மாவா?"

"கண்டுபிடிச்சவங்க பேரா இருக்கும்."

சுகிர்தா ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தாள். இதைச் சொல்லவேண்டியவள் அங்கே இருந்தாள்.

பாண்டீஸ்வரி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கியரை மாற்றி, வளைவில் வண்டியை நிதானமாகத் திருப்பினாள்.

"டாக்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. மில்லுல நூல் நூத்த பொம்பளை" என்றாள், பேருந்து முழுக்கக் கேட்கும்படியாக. "எங்க பூட்டி."